தேயிலைப் பக்கெட்டில் அம்மாவின் முகம்

அத்தியாயம் 9

பதுளை பஸ் நிலையத்துச் சுவரில் இருந்த அம்மாவின் முகத்தில் யாரோ சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள்.

வேலைக்குப் போகும் வழியில் ரொஷானி நின்று பார்த்தாள். ஐந்து நாளாக விடாத மழையில் சுவர் ஊறிப்போயிருந்தது. சுவரொட்டி மட்டும் புதிது. பச்சைச் சேலை, முதுகில் கூடை, பல் தெரியும் சிரிப்பு. ஆர்ன்வுட் தேயிலைப் பக்கெட்டில் பதினொரு வருடமாக இருக்கும் அதே படம். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இரண்டு கோடுகள். கீழே மூன்று மொழியிலும் ஒரே வரி: 'இந்தத் தேயிலையை வாங்காதீர்கள்.'

பக்கத்தில் நின்ற ஒரு மாணவி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். படத்தில் இருப்பவளின் மகள்தான் தன் தோளோடு ஒட்டி நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் மூன்று வாரத்துக்கு முன் ரொஷானி எடுத்த வீடியோ நாற்பது வினாடிதான். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஆர்ன்வுட் தோட்டத்து மேமலைப் பிரிவில், அவளுடைய அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் பதினாலாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில் ஒரு வெடிப்பு. கை நுழையும் அகலம். அதைக் காட்டிவிட்டு, பக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டினாள். 'நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பக்கெட்டும் எங்கள் தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பான வீடு.'

வாங்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொன்னவர்கள் கொழும்பில் இருந்தார்கள், லண்டனில் இருந்தார்கள். மூன்றாம் நாள் அவளும் அந்த அழைப்பைப் பகிர்ந்தாள். அந்த ஒரு விரல் அசைவு இப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

பசார் வீதியில் அஸீஸின் பலசரக்குக் கடையில் அவள் காசாளர். கடை திறந்திருந்தது.

"சுவத்தப் பாத்தீங்களா மகள்?" என்றார் அஸீஸ்.

"பாத்தேன் நானா."

"கிழிக்கச் சொல்லிப் பாத்தன். படிச்ச புள்ளைகள் ஒட்டினது. இது கம்பனிக்கு எதிராத்தான், அந்த அம்மாக்கு எதிரா இல்ல எண்டு சொல்றாங்க."

ரொஷானி பெட்டியைத் திறந்து சில்லறையை அடுக்கினாள்.

குடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஆசிரியை மாதிரித் தெரிந்தது. தேயிலை இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, "ஆர்ன்வுட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மிஸ். எடுத்துட்டன்."

"நல்லது. இருந்திருந்தா இந்தக் கடைக்கே வந்திருக்க மாட்டேன். அந்தச் சனங்கள நெனைச்சா சோறு எறங்குதில்ல." வேறொரு பக்கெட்டை எடுத்துக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். உண்மையான வருத்தம்தான். முகத்தில் தெரிந்தது.

அவள் தெருவைக் கடக்கும் வரை அஸீஸ் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மனுசி. ஆனா இப்ப எடுத்துட்டுப் போறதும் ஏதோ ஒரு தோட்டத்துல பறிச்சதுதானே. அந்த லயத்துக்குப் பின்னால என்ன இருக்கோ. அங்க வீடியோ எடுக்க ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப எல்லாரும் பேசாம இருந்திருக்கணும்னு சொல்றீங்களா நானா?"

"அப்படிச் சொல்ல ஏலாது. என்ன சொல்றதெண்டு எனக்கே தெரியல. நான் தட்டுலருந்து எடுத்தது மனசாட்சிக்கா, யாவாரத்துக்கா எண்டும் தெரியல."

போன் அடித்தது. அப்பா.

"ரொஷானி, இன்னைக்கு நீ இந்தப் பக்கம் வராத. தொரை கண்டிசனாச் சொல்லிட்டாரு."

"எத்தன மணிக்குப்பா?"

"பதினொன்னுக்கு. அம்மா பேசிருவா. நாலு வரிதான். பேசிட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

வெளிநாட்டில் முந்நூறு கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனம்தான் ஆர்ன்வுட் தேயிலையில் பெரும்பகுதியை வாங்குகிறது. அங்கிருந்து ஆட்கள் இன்று வருகிறார்கள். பக்கெட்டில் இருக்கும் பெண்ணையே நேரில் பார்த்துக் கேட்க வேண்டுமாம். அம்மா சரியாகப் பேசினால், கீழ்ப்பிரிவில் கட்டப்போகும் முதல் வீடு அவளுக்கு என்று தோட்டத்து மேலாளர் துரையின் கடிதம் நேற்று வந்திருந்தது. சரியாகப் பேசாவிட்டால் என்ன என்று கடிதத்தில் இல்லை.

ரொஷானி போனை வைத்துவிட்டு அஸீஸைப் பார்த்தாள்.

"போங்க மகள்," என்றார் அவர். "பஸ்ஸு ஓடுதா எண்டு பாத்துட்டுப் போங்க."

*

பஸ் தொழிற்சாலைச் சந்தி வரைக்கும்தான் போனது. அங்கிருந்து லயத்துக்கு முக்கால் மணி நேர ஏற்றம்.

தொழிற்சாலையின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு இயந்திரச் சத்தம் எதிர்மலை வரை கேட்க வேண்டும். மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. கொள்முதல் ஓடர்கள் நின்றதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

லயத்தின் இஸ்தோப்புகளில், அந்தச் சின்னத் திண்ணைகளில், பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரொஷானி வருவதைப் பார்த்ததும் ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். இன்னொருத்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சின்ன வயதில் இவர்கள் எல்லோர் வீட்டிலும் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

அம்மா அற்புதமலர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் கைத்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் புதுப் பச்சைச் சேலை.

"கம்பனி அனுப்பியிருக்கு," என்றாள், மகள் கேட்பதற்கு முன்பே. "படத்துல உள்ள மாதிரியே. ரவிக்கையும் தைச்சே அனுப்பிட்டாங்க. பதினோரு வருசத்துக்கு முந்தின அளவு, கை ஏறல. அந்த அளவ எங்க எழுதி வச்சிருந்தாங்களோ."

ரொஷானி சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்பா சிங்கராயர் உள்ளேயிருந்து வந்தார். தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். "வர வேணாம்னு சொன்னேன்ல," என்றார்.

"அம்மாவத் தனியா அனுப்ப மாட்டேன்பா. என்ன பேசச் சொல்றாங்க?"

அவர் ஒரு தாளை நீட்டினார். தட்டச்சில் நான்கு வரி. நாங்கள் இங்கே சந்தோசமாக இருக்கிறோம். வெடிப்பு பழையது, ஆபத்து எதுவும் இல்லை. என் மகள் விபரம் தெரியாமல் செய்துவிட்டாள். தயவுசெய்து எங்கள் தேயிலையை வாங்குங்கள்.

"இத நீங்களும் நம்புறீங்களா?"

"நம்புறனா இல்லையாங்கிறதா இப்ப கேள்வி? கம்பனி போயிட்டா நீ யாருகிட்ட வீடு கேப்ப? இந்தக் காட்டுகிட்டயா? இருந்தாத்தானே சண்ட போடலாம்."

"பதினோரு வருசமா நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. ஒரு கல்லு வச்சாங்களா? வாங்குறவங்க வாயத் தொறந்த பொறகுதானே கடிதமே வருது."

"கடிதமும் வருது, வேலையும் போகுது."

வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறை வீட்டில், இருக்கும் விஜயலெட்சுமி. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் படுத்த படுக்கையான மாமியாரையும் பார்க்கிறவள்.

"நல்லாக் கேளு அண்ணே," என்றாள். "நீ டவுன்ல குந்திக்கிட்டு ஒரு பொத்தான அமுக்குன, ரொஷானி. இங்க எங்க அடுப்பு அணைஞ்சிருச்சு. என்னைக் கேட்டியா நீ?"

"லெச்சுமி அக்கா, இந்த மழையில ராத்திரி தூங்குறீங்களா நீங்க?"

"தூங்கல. பசியிலயும் தூக்கம் வராது. அது தெரியுமா ஒனக்கு?"

ரொஷானியின் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். மழை பெய்தாலும் வரும்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போதும். ஆளாளுக்கு எனக்காகப் பேசாதீங்க. சேலைய மாத்திட்டு வாறேன்."

*

தோட்டக் காரியாலயத்தில் ரொஷானியை உள்ளே விடவில்லை. வெளியே தகரக் கூரையின் கீழ், பாதி திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா அவளுக்கு இரண்டடி தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்தபடி.

உள்ளே துரை இருந்தார். கம்பனியின் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்த இரண்டு பேர் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு எதிரே வெளிநாட்டுப் பெண் ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் அவளுக்கு மொழிபெயர்க்க வந்த றிப்னா என்ற இளம்பெண்.

வெளிநாட்டுப் பெண் பையிலிருந்து ஒரு பக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக ஏதோ சொன்னாள்.

"உங்களச் சந்திச்சதில ரொம்ப சந்தோசம்னு சொல்றாங்க," என்றாள் றிப்னா. "பயப்படாமப் பேசச் சொல்றாங்க."

அம்மா எழுந்து நின்றாள். பச்சைச் சேலையில், தையல் பிரித்த ரவிக்கைக் கையை முந்தானையால் மூடியபடி.

"நாங்கள் இங்கே சந்தோசமாக இருக்கிறோம்," என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கும் குரல். பிறகு நிறுத்தினாள்.

துரை இருமினார். அம்மா தாளைப் பார்த்தாள். இரண்டாவது வரி வரவில்லை.

வெளிநாட்டுப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். றிப்னா அதைத் தமிழில் சொல்வதற்கு முன் துரையை ஒருமுறை பார்த்தாள். "எங்க நாட்டுச் சனங்க இந்தத் தேயிலைய வாங்கணுமா, வாங்கக் கூடாதா? நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு கேக்குறாங்க."

அம்மா தாளை மேசையில் வைத்தாள். ரொஷானி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத இன்னைக்குத்தான் எங்கிட்ட ஒருத்தங்க கேக்குறாங்க," என்றாள் அம்மா. சொந்தக் குரல். "படம் எடுத்தப்ப கேக்கல. வாங்காதீங்கன்னு சொன்னவங்களும் கேக்கல. எம் புள்ளையும் கேக்கல. அதனால நான் யோசிச்சு வைக்கல, தாயி. ஒன்னு செய்வோம். மேல வந்து பாருங்க. முக்கால் மணி நேரம் நடக்கணும். என் காம்பராவுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு, பின்னால இருக்குற வெடிப்பையும் பாத்துட்டு, அங்க இருக்குற பொம்பளைங்களக் கேளுங்க. அவங்க அடுப்பையும் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, வாங்குறதா வேணாமான்னு."

றிப்னா மொழிபெயர்த்தாள். வெளிநாட்டுப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தாள். போகலாம் என்றுதான் எழுந்தது போலிருந்தது. தலைமைக் காரியாலயத்து ஆட்களில் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வேறொரு தாளை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் படித்தாள். திரும்ப உட்கார்ந்தாள்.

றிப்னாவின் குரல் இறங்கிவிட்டது. "அவங்களுக்கு வர விருப்பமாம். ஆனா அவங்க நிறுவனத்துல பாதுகாப்பு விதி ஒன்னு இருக்காம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்துக்கு, மழை நேரத்துல, ஆக்கள் போகக் கூடாதாம்."

"சரி," என்றாள் அம்மா. "எங்களுக்கு அந்த விதி இல்ல."

அவள் வெளியே வந்தபோது முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. தாள் மேசையிலேயே கிடந்தது. துரை வாசல் வரை வந்து சிங்கராயரைப் பார்த்தார். "நாளைக்குப் பேசுவோம்," என்றார். அதட்டல் இல்லை. அதுதான் ரொஷானிக்குப் பிடிக்கவில்லை.

*

மூவரும் ஏறினார்கள். லயத்துக்குக் கீழே பீலிக்கரையில், மலைக்குள்ளிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தில், அம்மா கால் கழுவக் குனிந்தாள்.

"என்னாங்க," என்றாள்.

தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது.

சிங்கராயர் கையை நீட்டி ஏந்திப் பார்த்தார். விரலிடுக்கில் களிமண் தங்கியது. எத்தனை மழைக்கும் இந்தப் பீலி கலங்கியதில்லை. பத்து வருடத்துக்கு மேலாகிறது, மீரியபெத்தயில் குடியிருந்த அவருடைய அக்கா ஒரு நாள் போனில் இதையேதான் சொன்னாள், பீலித் தண்ணீ கலங்கி வருதுடா தம்பி என்று. மறுநாள் காலையில் மலை சரிந்தது; அக்காவும் இல்லை, பீலியும் இல்லை. அன்றிலிருந்து அவர் அவளைப் பற்றிப் பேசுவதே கிடையாது.

"மலரு, நீ கீழ்க் காம்பராக்களப் பாரு. ரொஷானி, நீ மேல் வரிசை. ஒரு சாமானும் எடுக்க வேணாம்னு சொல்லு. எல்லாரும் ஃபெக்டரிக்கு. இப்பவே."

"அப்பா, மழைத் தண்ணி..."

"இது மழைத் தண்ணி இல்ல. மலைக்குள்ள மண்ணு அசையுது. ஓடு."

அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

ஒருசிலர் உடனே கிளம்பினார்கள். சிலர் அசையவில்லை. விஜயலெட்சுமி வாசலில் நின்று, "இதுவும் வீடியோவுக்கா?" என்று கேட்டாள். ரொஷானி பதில் சொல்லாமல் பீலிக்கரையைக் காட்டினாள். அங்கிருந்து பார்க்கவே நிறம் தெரிந்தது. விஜயலெட்சுமி அதைப் பார்த்தாள். உள்ளே போய் மாமியாரின் கம்பளியின் இரண்டு நுனியைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி," என்றாள்.

கிழவியைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு இருவரும் வழுக்கும் பாதையில் இறங்கினார்கள். பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். ஒருத்தி சறுக்கும்போது மற்றவள் நின்றாள்.

தொழிற்சாலை எதிர்மேட்டில், பாறைமேல் கட்டியது. தோட்டத்தில் கல்லும் இரும்புமான கட்டிடம் அது ஒன்றுதான். காவல்காரன் கதவை மறித்து நின்றான்.

"தொரை சொல்லாமத் தொறக்க ஏலாது அண்ணே. எனக்கு வேலை போயிரும்."

"தொரைக்குப் போன் அடிச்சியா?"

"நாலு தரம் அடிச்சேன். எடுக்குறாரு இல்ல."

சிங்கராயர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு குடும்பமும் மழையில் நின்றது. பிறகு இயந்திர அறையின் வெளிச்சுவரை ஒட்டியிருந்த பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஸ்பெனரை எடுத்து வந்தார். மூன்றாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது. இத்தனை வருடத்தில் அவர் செய்த முதல் ஒழுங்கீனம் அது. கதவைத் திறந்ததும் பழக்கதோசத்தில் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

*

கொழுந்து வாட்டும் மேல்மாடி நீளமானது, மரத்தளம். கொழுந்து பரப்பும் வலைத் தட்டுகள் காலியாக இருந்தன. அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் லயம் தெரிந்தது. மேலே மலையைப் பனிமூட்டம் மறைத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. விழாததும் பயமாக இருந்தது.

லயத்தில் விட்டுவிட்டு வரும் போன் சிக்னல் இங்கே நன்றாகக் கிடைத்தது. ரொஷானியின் கையில் போன் நிறுத்தாமல் அதிர்ந்தது.

'வாழ்த்துகள் தங்கச்சி.' 'நாங்கள் வென்றுவிட்டோம்.' 'உங்கள் ஒரு வீடியோவின் பலன்.' கொழும்பிலிருந்து, லண்டனிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து. ஒருவர் கேக் வெட்டும் படம்கூட அனுப்பியிருந்தார்.

கீழே அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் அறிக்கை. அவள் இரண்டு தரம் படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்ல சேதியா?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி. மாமியாரின் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொல்லலாம், இப்போது வேண்டாம் என்றுதான் ரொஷானி முதலில் நினைத்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொஷானி எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். இன்றைய நேரடி விஜயத்தின் பின், தொழிலாளரின் பாதுகாப்புக் குறித்த கவலையால், ஆர்ன்வுட் தேயிலை வாங்குவதை அந்த நிறுவனம் இன்றோடு நிறுத்துகிறது. தங்கள் வாடிக்கையாளரின் மனசாட்சிக்கு மதிப்பளிப்பதாக அறிக்கை முடிந்தது.

தகரத்தில் மழை விழும் சத்தம்.

"அப்ப நாளைக்குக் காலையில பெரட்டு இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு. அதைத் திட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கீழே ஜீப் வந்து நின்றது.

துரை தனியாகப் படியேறி வந்தார். சட்டை நனைந்திருந்தது. வலைத் தட்டுகளில் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். உடைந்த பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"சிங்கராயர்," என்றார், மெல்லிய குரலில். "ஆறு மணிக்குள்ள எல்லாரையும் எறக்கணும்."

"எங்க எறக்குறது தொரை?"

"நான் சொல்லல. மேலிடத்து உத்தரவு. ஃபெக்டரிய இன்னையோட பூட்டச் சொல்லிட்டாங்க. உள்ள ஆக்கள் இருந்து ஏதாவது ஆச்சுன்னா கம்பனி பொறுப்பாகிரும்."

"லயத்துல இருந்து ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டாள் அம்மா. அவள் இன்னும் அந்தப் பச்சைச் சேலையில்தான் இருந்தாள். முழங்கால் வரை சேறு. "அதுக்கு யாரு பொறுப்பு?"

துரை அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

ரொஷானியும் பார்த்தாள். கீழே முற்றத்தில் தலைமைக் காரியாலயத்து ஆட்கள் இருவரும் நின்றார்கள். ஒருவன் கையில் சங்கிலி. அதில் புதுப் பூட்டு ஒன்று, பழையதைவிடப் பெரிது. அறிக்கை வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தப் பூட்டைக் காலையிலேயே வாகனத்தில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

சிங்கராயர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். துரைக்கு முன்னால் அவர் அப்படிச் செய்ததில்லை.

"எறக்க மாட்டேன் தொரை," என்றார். பிறகு திரும்பாமலே, "ரொஷானி, போன எடு. நடக்குறத எல்லாம் எடு," என்றார்.

போன் கையில்தான் இருந்தது. அவள் அதை உயர்த்தவில்லை. இன்று மதியம் வரை அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது அந்தக் கண்ணாடித் துண்டைத் தொடவே பயமாக இருந்தது. மீண்டும் எங்கோ யாரோ பார்ப்பார்கள், அழுவார்கள், எதையோ நிறுத்துவார்கள். அடுத்து எது நிற்கும்?

அவள் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "போன தடவ யாரையும் கேக்கல நான்."

ஒரு பிள்ளை இருமியது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடு," என்றாள் கடைசியில் விஜயலெட்சுமி. மாமியாரின் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். "ஆனா வாங்குங்க, வாங்காதீங்கன்னு நீயாச் சொல்லாத. என்னப் புடி. நான் பேசுறேன்."

கீழே இருந்தவர்கள் துரைக்காகக் காத்திருக்கவில்லை. சங்கிலியோடு நின்றவன் கதவருகே போனான். மற்றவன் படியேறத் தொடங்கினான். பலகைப் படிகள் ஒவ்வொன்றாக முனகின. சிங்கராயர் நடந்து போய்ப் படியின் உச்சியில், வெறுங்காலோடு, வழியை அடைத்து நின்றார்.

ரொஷானி போனை உயர்த்தினாள். திரையில் முதலில் விழுந்தது அப்பாவின் முதுகு.